சுருங்கிய உலகமும் பதின்மூன்று மணி நேரமும்

'உலகம் சுருங்கிவிட்டது' என்ற வாக்கியத்தைக் கேட்காமல் ஓர் இலக்கியக் கூட்டத்திலிருந்து வீடு திரும்புவது இப்போதெல்லாம் அரிதாகிவிட்டது. புலம்பெயர்ந்தோர் எழுத்தைப் பற்றிப் பேச வந்தவர் அதைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச வந்தவரும் சொல்கிறார். கருத்தரங்கக் கட்டுரைகளிலோ அது முதற்பத்தியின் முதல் வரியாகவே அமைந்துவிடுகிறது. யாரும் அதை மறுக்க முற்படுவதில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டதை மறுப்பானேன் என்ற சலிப்பு காரணமாக இருக்கலாம். மறுத்தாகவேண்டும் என்பது என் எண்ணம்.

முதலாவதாக, இது நம் காலத்தின் கண்டுபிடிப்பு அன்று. ஜூல்ஸ் வெர்ன் எண்பது நாட்களில் உலகைச் சுற்றிவரும் கதையை எழுதியது 1872-73 காலப்பகுதியில். அக்கதையில் லண்டன் மன்றம் ஒன்றின் கனவான்கள் சீட்டாடியபடி விவாதிப்பதே உலகம் சிறுத்துவிட்டதா இல்லையா என்பதைத்தான். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தாயிற்று. பம்பாயையும் கல்கத்தாவையும் ரயில் பாதை இணைத்தாயிற்று. நாளிதழ் ஒன்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டது. எனவே எண்பது நாள் போதும் என்று பந்தயம் கட்டிப் புறப்படுகிறார் கதாநாயகர். ஆனால் இந்தியாவின் நடுவே ரயில் பாதை முடிவுபெறாமல் நின்றுவிடுகிறது. அச்சில் இருந்த இருப்புப்பாதை தரையில் இல்லை. அவர் யானை ஒன்றை விலைக்கு வாங்கி மீதிவழியைக் கடக்கிறார். வெர்னின் நகைச்சுவை இங்கே ஓர் உண்மையைத் தொடுகிறது. தூரம் என்பதைக் கால அட்டவணை ஒரு விதமாகச் சொல்லும், தரை வேறு விதமாகச் சொல்லும்.

தூரத்தைக் காலத்தால் அளப்பது நமக்கும் பழக்கமான ஒன்றுதான். 'நாழிகைவழி' என்றொரு சொல் தமிழில் உண்டு. ஒரு நாழிகையில், அதாவது இருபத்துநான்கு நிமிடத்தில், ஒருவர் நடந்து கடக்கும் தூரம் அது. 'கூப்பிடு தூரம்' என்று இன்னொன்றும் உண்டு. அங்கே அளவுகோல் குரல். இவ்விரு சொற்களிலும் மண்ணின் நீளம் மட்டும் இல்லை, நடப்பவரும் கேட்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். இடையில் ஆறு பெருகினால் நாழிகைவழி கூடும். எதிர்வீட்டாரோடு பேச்சுவார்த்தை அற்றுப்போனால் கூப்பிடு தூரம் என்பதற்கே பொருள் இல்லை. மைல்கல்லுக்கு இந்த நுட்பம் எட்டாது. விமான நிலையத்து அறிவிப்புப் பலகை நம்மை மறுபடியும் நாழிகைவழிக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அங்கே எவரும் கிலோமீட்டர் கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்கிறார்கள்.

அந்த மணிக்கணக்கு எப்படி உருவாகிறது என்பதை அறிய ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில் ஒன்று, ஆசியாவின் கிழக்கு ஓரத்தில் மற்றொன்று. சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தைப் பார்ப்பவர்கள், ஹெல்சிங்கியிலிருந்து தென்கிழக்காகக் கசகஸ்தான், மங்கோலியா, சீனா வழியே கோடிழுப்பார்கள். என் வகுப்பில் மாணவர்களிடம் கேட்டபோதும் அப்படித்தான் விரல் வைத்தார்கள். அதே மாணவர்களிடம் உருண்டையான உலகக் கோளத்தைக் கொடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் அது வடக்கே வளைந்து சைபீரியாவின் மேலாகச் செல்வதைக் காண்பார்கள். அதுவே மிகக் குறுகிய வழி. நீளம் சுமார் 7800 கிலோமீட்டர். புறப்பட்ட சற்று நேரத்தில் ரஷ்ய எல்லைக்குள் நுழையும் அந்நூல், ஏறத்தாழ முழுவதும் ரஷ்ய நிலப்பரப்பின் மேலேயே கிடக்கிறது. இவ்வழித்தடத்தின் வரலாறு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

நிலத்தின் மேலுள்ள வானம் நிலத்துக்கு உரியவரையே சேரும் என்பது 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் விதி. ஓர் அரசு இசைந்தாலன்றி அதன் வானத்தைக் கடக்க இயலாது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியம் தன் வானத்தை அயலாருக்குப் பொதுவாகத் திறக்கவில்லை. ஆகவே நூல் போன வழியில் விமானம் போக முடியவில்லை. வட ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் செல்ல விரும்பியவர் மேற்கு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்காசியா என்று இறங்கி ஏறிச் செல்லவேண்டியிருந்தது. ஐம்பது மணி நேரத்தையொட்டிய பயணம் அது.

1957 பிப்ரவரி 24 அன்று ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் வேறொரு வழியைத் திறந்தது. கோபன்ஹேகனிலிருந்து வட துருவத்தின் மேலாக அலாஸ்காவின் ஆங்கரேஜ். அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ. டிசி-7சி என்ற சுழல்விசிறி விமானங்கள் முப்பது மணிக்குச் சற்று மேலான நேரத்தில் இதனைக் கடந்தன. துருவத்தின் அருகே காந்த ஊசி பயனற்றுப் போகும் என்பதால் திசையறியத் தனிவகைச் சுழல்மானிகளும், வரைபடத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடிட்டுத் திசை கணிக்கும் முறையும் தேவைப்பட்டன. கிழக்கே இருக்கும் ஊருக்குப் போக வடக்கே ஏறி, உலகின் உச்சியைத் தாண்டி, மேற்கு அரைக்கோளத்தில் இறங்கி, பிறகு ஆசியாவுக்கு வருவது! அதனை அன்று வேகத்தின் வெற்றி என்றே கொண்டாடினார்கள். வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் அது ஒரு மூடிய கதவைச் சுற்றிக்கொண்டு போன வெற்றி.

அடுத்த முப்பது ஆண்டுகள் ஆங்கரேஜ் என்ற சிறுநகரம் இரு கண்டங்களின் சத்திரமாக விளங்கியது. ஐரோப்பாவுக்குப் போன ஜப்பானியப் பயணிகள் பலர், நடுநிசியில் அவ்விமான நிலையத்துக் கடையில் உண்ட உடோன் நூடுல்ஸை நெடுநாள் நினைவில் வைத்திருந்தார்கள். யாருடைய பயணமும் அவ்வூரை நோக்கியதாக இருந்ததில்லை. எல்லாரும் அவ்வூரின் வழியே போனார்கள். சோவியத் வானம் திறந்ததும் அந்தப் பயணிகள் கூட்டம் மறைந்தது. இன்று ஆங்கரேஜ் பெரும்பாலும் சரக்கு விமானங்களின் ஊர்.

சுற்றுவழியில் ஆபத்தும் இருந்தது. 1978 ஏப்ரல் 20 அன்று பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சோல் செல்லவேண்டிய கொரிய விமானம் ஒன்று, துருவப் பகுதியில் திசை பிறழ்ந்து, வந்த பக்கமே திரும்பிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. போர் விமானம் அதனைச் சுட்டது. பயணிகள் இருவர் இறந்தனர். உறைந்து கிடந்த ஏரி ஒன்றின் மேல் விமானி அதனை இறக்கியதால் மற்றவர்கள் பிழைத்தனர். பிழைத்தவர்கள் கொண்டுவரப்பட்ட நகரம் ஹெல்சிங்கி. ஐந்தாண்டு கழித்து, 1983 செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து சோல் நோக்கிப் பறந்த மற்றொரு கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது 269 பேரும் மாண்டனர். இன்று நம் கைப்பேசிகளில் வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பு பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது அந்தத் துயரத்தையொட்டித்தான்.

அதே 1983-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் எங்கும் இறங்காமல் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியது. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானம் துருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடைப்பட்ட பெரிங் நீரிணை வழியாக இறங்கி, பசிபிக் பக்கமிருந்து ஜப்பானை அடைந்தது. மேற்கு ஐரோப்பாவையும் ஜப்பானையும் இடைநில்லாமல் இணைத்த முதல் சேவை அதுவே. பயண நேரம் சுமார் பதின்மூன்று மணி. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் மாஸ்கோ தன் வானத்தைப் படிப்படியாகத் திறந்தது. இலவசமாக அன்று, சைபீரியாவைக் கடப்பதற்கென்று ஐரோப்பிய நிறுவனங்களிடம் தனிக்கட்டணம் வசூலிக்கப்பட்டது, அது நெடுங்காலம் பூசலுக்கும் உரியதாக இருந்தது. எனினும் நூல் போன வழியில் விமானம் போயிற்று. ஹெல்சிங்கி-டோக்கியோ ஒன்பதரை மணி நேரமாகக் குறைந்தது. மக்கள்தொகையில் சென்னை மாநகருக்கும் குறைவான ஒரு நாடு, தன் தலைநகரை ஆசியாவுக்கான ஐரோப்பாவின் வாசலாக விளம்பரப்படுத்தியது. ஃபின்ஏர் தன் வணிகத்தின் முதுகெலும்பாக அமைத்துக்கொண்டது இந்தக் குறுக்குவழியைத்தான். ஒரு தலைமுறையே இது பூகோளம் தந்த வரம் என்று நம்பியது.

அது பூகோளம் தந்தது அன்று என்பது 2022 பிப்ரவரியில் தெரிந்துவிட்டது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. சில நாள் நின்றிருந்த டோக்கியோ சேவை மார்ச் 9 அன்று மீண்டும் தொடங்கியபோது விமானம் எந்த வழியில் போயிற்று? வட துருவத்தைக் கடந்து, அலாஸ்காவை ஒட்டி, பெரிங் நீரிணை வழியாகப் போயிற்று. சில நாட்களில் தெற்கே இறங்கி, துருக்கி, காகசஸ், நடு ஆசியா, சீனா, கொரியா என்று சுற்றியும் போயிற்று. இரண்டில் எது என்பதை அன்றன்றைய காற்று முடிவு செய்தது. 7800 கிலோமீட்டர் வழி ஏறத்தாழ 13000 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டது. பயண நேரம் சுமார் பதின்மூன்று மணி.

டிசி-10 மூன்று பொறிகள் கொண்டது. அதன் இடத்தில் பறக்கும் ஏ350 இரண்டு பொறிகள் கொண்டது, கரிமஇழை உடல் உடையது, எரிபொருளை மிகச் சிக்கனமாகச் செலவிடுவது. வழிகாட்டக் கோள்கள், வானிலை சொல்லக் கணினிகள், எல்லாம் இருந்தன. நாற்பதாண்டு அறிவியல் வளர்ச்சி முழுவதும் அந்த இறக்கையில் ஏறியிருந்தது. எனினும் இரண்டு நகரங்களுக்கும் இடையிலான நாழிகைவழி 1983-இல் இருந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு நினைவுச் சான்றிதழ் வழங்கினார்கள். கதவு மூடப்பட்டதற்கு ஒரு சான்றிதழ்!

தொழில்நுட்பமே தூரத்தைக் குறைக்கிறது என்று வாதிடுவோர் இந்த இரண்டு பதின்மூன்றுகளுக்கும் விடை சொல்லவேண்டும். பொறி தருவது ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றல் எந்தக் கோட்டில் செலவாகவேண்டும் என்பதை அரசுகளுக்கு இடையிலான உறவு தீர்மானிக்கிறது. ஒரு நீண்ட வழித்தடத்தின் கால அட்டவணையை நாம் பொறியியல் ஆவணமாக வாசிக்கிறோம். அதனை ராஜதந்திர ஆவணமாக வாசிப்பதே பொருத்தம்.

இயற்கைக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, காற்றின் பங்கு பெரிது. நடு அட்சரேகைகளின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓயாமல் வீசும் வேகக் காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகையில் அது பின்னின்று தள்ளும், திரும்புகையில் எதிர்த்து நிற்கும். ஒரே வழியின் இரு திசைகளுக்கும் இரு வேறு நேரம் அமைவது இதனால்தான். அதனை முதலில் அளந்தவர் ஜப்பானியரே என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. வாசாபுரோ ஓயிஷி என்ற வானிலை ஆய்வாளர், டோக்கியோவுக்கு வடக்கே தாதேனோ ஆய்வகத்தில் 1920-களில் பலூன்களை ஏவி இக்காற்றின் வேகத்தைக் கணித்தார். 1926-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உலகம் முழுவதும் படிக்கவேண்டும் என்று விரும்பியோ என்னவோ, எந்நாட்டுக்கும் உரியதல்லாத எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். வெளியுலகில் ஏறத்தாழ யாரும் அதைப் படிக்கவில்லை. 1944-இன் இறுதியில் ஜப்பான் மீது குண்டுவீச வந்த அமெரிக்க விமானிகள் அக்காற்றில் சிக்கித் திகைத்தபோதுதான் அதன் ஆற்றலை நேரில் உணர்ந்தனர். அதே காலத்தில் ஜப்பானியப் படை அதே காற்றில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வெடிகுண்டுப் பலூன்களை அமெரிக்கா நோக்கி மிதக்கவிட்டது. 1945 மே மாதம் ஆரெகன் மாநிலக் காட்டில் ஒரு கருவுற்ற பெண்ணும் ஐந்து சிறுவரும் அவற்றுள் ஒன்றால் இறந்தனர்.

காற்று கடவுச்சீட்டு பார்ப்பதில்லை. போகிறவருக்கு உதவி, திரும்புகிறவரைத் தடுக்கிறது. ஆனால் எல்லா நாட்டவருக்கும் அப்படியே செய்கிறது. வானத்தைப் பூட்டுகிற அரசோ ஆளுக்கு ஒரு தூரம் வைக்கிறது. 2022-க்குப் பிறகும் சீன விமான நிறுவனங்கள் சைபீரியாவின் மேலாகவே ஐரோப்பாவுக்குப் பறந்து வந்திருக்கின்றன. ஒரே இரு நகரங்களுக்கு இடையே, விமானத்தின் வாலில் எழுதப்பட்டுள்ள கொடியைப் பொறுத்துத் தூரம் மாறுபடுகிறது. உலகம் சுருங்கியதா என்ற கேள்வியை, 'யாருக்கு?' என்று கேட்காமல் கேட்கவே முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. நமக்கும் இது அயலான செய்தி அன்று. 2019-இலும் 2025-இலும் பாகிஸ்தான் தன் வானத்தை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே பறந்த இந்திய விமானங்கள் அரபிக்கடலைச் சுற்றிக்கொண்டு போயின.

இங்கே ஒரு நிதானம் தேவை. போரினால் விளைந்த துன்பங்களின் பட்டியலில், வசதியான இருக்கையில் மூன்றரை மணி நேரம் கூடுதலாக அமர்ந்திருக்க நேர்ந்தது கடைசி வரியில்கூட இடம்பெறத் தகாதது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வானத்தில் பயணிகள் விமானமே இல்லை. அங்கிருந்து ரயிலிலும் நடந்தும் எல்லை கடந்தவர்களுக்குத் தூரம் என்பது வேறொரு பொருள் கொண்டது. அதற்கும் முன்பே, 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தனர். அன்று அவ்வானம் 32000 அடி வரை மூடப்பட்டிருந்தது. அந்த விமானம் 33000 அடியில் பறந்தது. கீழே போர், மேலே கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பாதை, இரண்டுக்கும் நடுவே தாளில் எழுதிய ஓர் ஆயிரம் அடி. சுற்றிப் போகும் விமானத்தின் கூடுதல் மணி நேரத்தை, ஒரு வகையில், அந்த 298 பேரிடமிருந்து கற்ற பாடம் என்றும் கொள்ளலாம். ஆகவே நீளும் தூரத்தைக் குறித்துப் புலம்புவது என் நோக்கம் அன்று. அது ஏன் நீள்கிறது என்பதை மறைக்கும் சொற்றொடரைக் குறித்தே என் புகார்.

'உலகம் சுருங்கிவிட்டது' என்னும்போது எழுவாய் உலகம் ஆகிவிடுகிறது. ஏதோ துணி தானே சுருங்குவதுபோல, செய்தவர் எவரும் இல்லாமல் அது நடந்துவிட்டதாக இலக்கணமே சொல்லிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு வழித்தடமும் யாரோ சிலர் மேசையில் அமர்ந்து கையொப்பமிட்டதால் குறுகியது. வேறு சிலர் கையொப்பத்தை விலக்கிக்கொண்டால் அது ஓர் இரவில் நீண்டுவிடும். பிறவினையில் சொல்லவேண்டியதைத் தன்வினையாக்கி, பொறுப்பாளிகளை வாக்கியத்திலிருந்தே நீக்கிவிடுகிறோம். மொழியைத் தொழிலாகக் கொண்டவர்கள் செய்யக்கூடாத பிழை இது.

புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தைப் பேசும்போது இப்பிழை இன்னும் கனக்கிறது. 'இப்போது என்ன, ஒரு விமானத் தூரம்தானே' என்று எழுதிவிடுகிறோம். விசா மறுக்கப்பட்டவருக்கும், ஊர் திரும்பினால் சிறைப்படுவோம் என்று அஞ்சுபவருக்கும், தாயின் இறுதிச்சடங்கைத் திரையில் பார்க்க நேர்ந்தவருக்கும் அந்த விமானத் தூரம் எத்தனை நாழிகைவழி என்று கேட்காமலே எழுதுகிறோம். அவர்களுடைய கதைகள் உலகம் சுருங்காததைப் பற்றியே பேசுகின்றன. அக்கதைகளுக்கு எழுதப்படும் முன்னுரைகளோ சுருங்கிவிட்டதாக அறிவிக்கின்றன. படைப்பும் விமரிசனமும் இப்படி எதிரெதிர்த் திசையில் போகும்போது படைப்பை நம்புவதே முறை.

அடுத்த கூட்டத்தில் யாரேனும் அவ்வாக்கியத்தோடு தொடங்கினால், ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்? ஒன்பதரை மணி என்ற விடையும் பதின்மூன்று மணி என்ற விடையும் சரியானவையே. எந்த ஆண்டில், எந்தக் கொடியின் கீழ் என்று திருப்பிக் கேட்பவரோடு மட்டும் மேற்கொண்டு பேசலாம்.